பாடிக்கிட்டே அக்கார்டியன் வாசிக்கணுமா? தெஹானோ இசைக்குள்ள வரணும்னு ஆசைப்படுற பொண்ணுங்களுக்கு

முதல்ல ஒரு பேரு சொல்றேன், யூட்யூப்ல தேடி ரெண்டு பாட்டாவது கேட்டுட்டு வந்துடுங்க, அதுக்கப்புறம் கீழ இருக்குறதைப் படிங்க. பேரு ஏவா இபார்ரா (Eva Ybarra). டெக்சாஸ்ல சான் அன்டோனியோ ஊரு, 1945ல பிறந்தவங்க, நாலு வயசுல அக்கார்டியன் கையில எடுத்தாங்க, ஆறு வயசுக்கெல்லாம் அப்பா அம்மா கூட்டிட்டுப் போய் ரெஸ்டாரன்ட்ல வாசிக்க வெச்சாங்க, 14 வயசுல உள்ளூர் கம்பெனி ஒண்ணுல ரெக்கார்டிங். அங்க எல்லாரும் அவங்களை அக்கார்டியன் ராணின்னுதான் சொல்வாங்க. நான் அவங்க வீடியோவை முதல்ல பார்த்தப்போ சவுண்டை விட அவங்க நின்ன விதம்தான் மனசுல நின்னுச்சு. நடுவுல அவங்க, மார்புல அந்தப் பெட்டி, முன்னாடி மைக், ரெண்டு பக்கமும் ஆம்பளைங்க அவங்க கண்ணைப் பார்த்து வாசிக்கிறாங்க. பாட்டும் அவங்க, லீடும் அவங்க, பேண்டும் அவங்களோடது.

இந்த மூணையும் ஒரே ஆளா எப்படிச் செய்யறதுன்னு தேடினா ஒரே இடத்துல எங்கயும் கிடைக்கல, அதான் எழுதறேன்.

சின்னதா ஒரு அறிமுகம். தெஹானோன்னா டெக்சாஸ்ல வாழற மெக்சிக வம்சாவளி மக்கள், அவங்க இசைக்கும் அதே பேரு. அதுல பல கிளை இருக்கு, செலினான்னு பிரபல பாடகி பாடினது கீபோர்டு வெச்ச மாடர்ன் பேண்ட் ஸ்டைல். நாம பேசப்போறது கொன்ஹுந்தோ. பட்டன் அக்கார்டியன், பாஹோ செக்ஸ்தோன்னு 12 கம்பி வெச்ச தடிச்ச கிடார், பேஸ், டிரம்ஸ், இந்த நாலுதான். 19ஆம் நூற்றாண்டுல டெக்சாஸுக்கு வந்த ஜெர்மன், செக் குடியேறிகளோட நடன இசையான போல்காவும் வால்ட்ஸும் எல்லைப்பக்க மெக்சிகப் பாட்டோட கலந்து வந்தது. 1930கள்ல நார்சிசோ மார்டினெஸ்னு ஒரு அக்கார்டியன்காரர் வலது கை மெலடியை மட்டும் பிடிச்சுக்கிட்டு, இடது கை பேஸ் வேலையை பாஹோ செக்ஸ்தோ வாசிக்கிற சான்டியாகோ அல்மெய்டாகிட்ட விட்டுட்டாரு. அங்கதான் இந்த ஸ்டைல் பிறந்தது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பெட்டி வாங்கும்போது உதவும்.

பெட்டி வாங்கறதுக்கு முன்னாடி குரலை அளந்துக்கோங்க

எல்லாரும் தலைகீழா பண்றது இதுதான். நானும் அப்படித்தான் பண்ணேன், பழசா ஒண்ணு மலிவா வருதுன்னு விற்கறவர் சொன்னதை நம்பி வாங்கிட்டேன், கலர் அழகா இருந்துச்சு, வீட்டுக்கு வந்து பாட ஆரம்பிச்சா ஒரு பாட்டு கூட என் சுருதிக்கு உட்காரல, கீழ போனா குரல் கேக்கல, மேல போனா கத்தற மாதிரி இருக்கு. நாலு மாசம் என் தொண்டையில தப்புன்னு நெனச்சு அழுதிருக்கேன். தப்பு தொண்டையில இல்ல, பெட்டியோட கீல, அதாவது அது உட்கார்ந்திருக்கற சுருதியில.

விஷயம் என்னன்னா, பியானோ மாதிரி இதுல எல்லா சுருதியும் சுலபமா வராது. மூணு வரிசை பட்டன் இருக்கும், ஒவ்வொரு வரிசையும் ஒரு கீ. ஜி-சி-எஃப் இருக்குற பெட்டியை அங்க 'சோல்' பெட்டிம்பாங்க, எஃப்-பிஃபிளாட்-இஃபிளாட் இருந்தா 'ஃபா', இ-ஏ-டி இருந்தா 'மி'. சோல் பெட்டியில ஜி, சி, எஃப் இந்த மூணு கீலயும் கை தானா ஓடும், அதுக்கு வெளிய போகணும்னா வருஷக்கணக்குல பயிற்சி வேணும். இந்த இசையில பழைய ரெக்கார்டு பெரும்பாலும் ஆம்பளைங்க பாடினது, அவங்க குரலுக்கு எது சரியோ அந்தக் கீல இருக்கும். அதே கீல நீங்க பாடணும்னு எந்தச் சட்டமும் இல்ல.

அதனால இப்படிப் பண்ணுங்க. உங்களுக்குப் பிடிச்ச ரான்சேரா (மெக்சிக நாட்டுப்புற மணம் உள்ள பாட்டு) மூணு எடுத்துக்கோங்க. கருவி இல்லாம, சமைச்சுக்கிட்டோ நடந்துக்கிட்டோ, உங்களுக்கு வசதியான இடத்துல பாடி ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. ஒரு வாரம் கழிச்சு திரும்பப் பண்ணுங்க, அப்பவும் அதே சுருதியில ஆரம்பிக்கறீங்களான்னு கீபோர்டு ஆப் வெச்சுப் பாருங்க. மூணு பாட்டும் சி, எஃப் பக்கம் விழுந்தா சோல் பெட்டி, ஏ, டி பக்கம் விழுந்தா மி பெட்டி, பிஃபிளாட், இஃபிளாட் பக்கம்னா ஃபா பெட்டி. அந்த முடிவுக்கு அப்புறம்தான் காசை எடுக்கணும்.

பிராண்ட் பத்தி அதிகம் சொல்ல மாட்டேன். ஹோனர் கரோனாதான் ரொம்பப் பேர் ஆரம்பிக்கிற பெட்டி, வலது கைக்கு 31 பட்டன், இடது கைக்கு 12. ஹியூஸ்டன்ல இருந்து வர்ற கபனெல்லி கல்லு பதிச்சு மினுமினுன்னு இருக்கும், விலையும் அதிகம், மேடைக்குப் போற நாள்ல யோசிச்சுக்கலாம். பழைய பெட்டி வாங்கும்போது இடது கைப் பக்கம் சத்தமே வரலன்னா பயந்துடாதீங்க, கொன்ஹுந்தோ ஆளுங்க நிறைய பேர் பேஸ் ரீடை (சத்தம் போடற தகட்டை) கழட்டிடுவாங்க, அந்த வேலையைப் பாஹோவும் பேஸும் பார்த்துக்குதே. ஆனா காத்து ஒழுகுதான்னு கட்டாயம் பாருங்க: ஒரு பட்டனும் அமுக்காம மேல் பக்கத்தைப் பிடிச்சுத் தொங்கவிட்டா பெல்லோஸ் (நடுவுல இருக்குற மடிப்புத் துருத்தி) சடசடன்னு பிரியக் கூடாது, ரொம்ப மெதுவாத்தான் இறங்கணும். ஒழுகற பெட்டியில பாடவே முடியாது, காத்துக்குச் சண்டை போடறதுலயே கவனம் போயிடும்.

வாரு விஷயம் பொண்ணுங்களுக்கு முக்கியம், யாரும் வாயைத் திறந்து சொல்றதில்ல. தோள்ல போடற ரெண்டு வாரையும் முதுகுப் பக்கம் இழுத்துச் சேர்க்கற ஒரு சின்ன குறுக்கு வார் இருக்கு, அதைப் போட்டீங்கன்னா பெட்டி வழுக்காது, மார்புல அழுத்தாது, மூச்சு இழுக்க இடம் கிடைக்கும். தொளதொளன்னு விட்டா ஒரு மணி நேரத்துல தோள் போயிடும்.

தள்ளுனா ஒரு ஸ்வரம், இழுத்தா வேற ஸ்வரம்

ஹார்மோனியம் தெரிஞ்சவங்களுக்கு இது பாதி சொந்தக்காரன்தான், உள்ள இருக்குற ரீடு அதே குடும்பம், காத்துல அதிர்ற உலோகத் தகடு. ஆனா ஹார்மோனியத்துல துருத்தி எந்தப் பக்கம் போனாலும் கட்டை அதே ஸ்வரம்தான் பேசும், இங்க அப்படி இல்ல. ஒரே பட்டன் தள்ளும்போது ஒண்ணு, இழுக்கும்போது இன்னொண்ணு.

எனக்குப் புரிஞ்சது சரளி வரிசையா நெனச்சப்போதான். நடு வரிசையை மட்டும் எடுத்துக்கோங்க. தள்ளும்போது ச, க, ப. இழுக்கும்போது ரி, ம, த, நி. ஒரு பட்டன்ல ச-ரி, அடுத்த பட்டன்ல க-ம, அடுத்ததுல ப-த, அதுக்கடுத்த பட்டன்ல முதல்ல இழுத்தா நி, அப்புறம் தள்ளினா மேல் ச. அந்தக் கடைசி இடத்துல மட்டும் வரிசை திரும்பும், எல்லாரும் அங்கதான் இடறுவாங்க. த, நி ரெண்டுமே இழுப்பு, ஞாபகம் வெச்சுக்கோங்க. சங்கராபரணம் பாடத் தெரிஞ்சவங்களுக்கு ஒரு வாரத்துல கை பழகிடும்.

அடுத்து வர்றதுதான் நிஜமான கொன்ஹுந்தோ. ஒரே வரிசையில வாசிச்சா உள்ள வெளிய உள்ள வெளியன்னு குதிக்கிற மாதிரி கேக்கும், சின்னப் பசங்க பாட்டுக்கு அது அழகு, ஆனா நீளமா வழுக்கிட்டு வர்ற ஓட்டம் வராது. அதுக்கு வரிசை தாண்டணும். சோல் பெட்டியில சி ஸ்கேலை எடுத்துக்கிட்டா, மேல சொன்ன ரி, ம, த, நி நடு வரிசையிலயே இழுப்புல இருக்கு, ச-வோட இழுப்பு வெளி வரிசையில (ஜி) இருக்கு, ப-வோட இழுப்பு உள் வரிசையில (எஃப்), க-வோட இழுப்பு ரெண்டு பக்கமும் இருக்கு. அதாவது முழு ஸ்கேலையும் பெல்லோஸைத் திருப்பாம ஒரே இழுப்புல வாசிச்சுடலாம். தள்ளுலயும் அதே மாதிரி முடியும்: ரி, நி ரெண்டும் வெளி வரிசையில, ம, த ரெண்டும் உள் வரிசையில. இதைப் பேப்பர்ல வரைஞ்சு சுவத்துல ஒட்டிக்கோங்க. தினம் இருபது நிமிஷம் இழுப்புல மட்டும், அடுத்த நாள் தள்ளுல மட்டும். சலிப்பா இருக்கும், ஆனா பாடறவங்களுக்கு இது உயிர், ஏன்னு அடுத்து சொல்றேன்.

இடது கட்டை விரல் கிட்ட ஒரு காத்து பட்டன் இருக்கும், சத்தமில்லாம பெல்லோஸை மூடவோ திறக்கவோ. அதை முதல் நாள்லயே பழகுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டவங்க யாருக்கும் அது அப்புறம் வர்றதே இல்ல.

பாட்டையும் வாசிப்பையும் சேர்க்கறது

நல்ல சேதி: பாடும்போது மெலடியை வாசிக்கணும்னு அவசியமே இல்ல. ரான்சேரா பாட்டோட கட்டுமானம் தெரிஞ்சா புரியும். ஆரம்பத்துல அக்கார்டியன் மட்டும், பிறகு குரல் வரும்போது அக்கார்டியன் ஒதுங்கிடும், ஒவ்வொரு வரி முடிவுலயும் இருக்குற இடைவெளியில சின்ன அலங்காரமா ஒரு பதில் சொல்லும், சரணம் முடிஞ்சதும் மறுபடி முழுசா வரும். குரல் கேக்கற கேள்விக்கு விரல் பதில் சொல்ற மாதிரி. அந்தப் பதிலை அங்க அடோர்னோன்னு சொல்வாங்க.

கஷ்டம் எங்கன்னா மூச்சுல. ஆரம்பத்துல எல்லாருக்கும் பெல்லோஸ் இழுக்கும்போது மூச்சும் உள்ள போகும், தள்ளும்போது வெளிய வரும், உடம்பு ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுக்கும், அப்போ வரி நடுவுல பெல்லோஸ் திரும்பினா குரலும் வெட்டுப்படும். இதை உடைக்கணும். நான் பண்ணது இதான்: ஒரே ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கற சில ஸ்வரங்களை) அமுக்கிக்கிட்டு ரொம்ப மெதுவா இழுத்துக்கிட்டே பாட்டு வரியைப் பேசறது, பாடறது இல்ல, பேசறது, பக்கத்து வீட்டம்மாகிட்ட சேதி சொல்ற மாதிரி. அப்புறம் அதே வரியைத் தள்ளிக்கிட்டே பேசறது. அப்புறம் வரி நடுவுல வேணும்னே பெல்லோஸைத் திருப்பிப் பேசறது. குரல் அசையாம இருக்கறப்போதான் பாட ஆரம்பிக்கணும். எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. ஒவ்வொரு அடோர்னோவுக்கும் இழுப்பா தள்ளானு முன்னாடியே முடிவு பண்ணி வெச்சா, அது முடியற இடத்துல பெல்லோஸ் பாதி திறந்த நிலையில இருக்கற மாதிரி பார்த்துக்கலாம், அடுத்த வரிக்குக் காத்து எப்பவும் ரெடி. ஒரே இழுப்புல ஸ்கேல் வாசிக்கப் பழகச் சொன்னது இதுக்குத்தான்.

இன்னொரு பழக்கம், ரெண்டாவது குரல். இந்த இசையில பெரும்பாலும் ரெண்டு பேர் சேர்ந்து பாடுவாங்க, பாஹோ செக்ஸ்தோ வாசிக்கிறவர் உங்க மெலடிக்கு மூணாம் ஸ்வரத்துல கூடவே வருவாரு. அக்கார்டியன்லயும் அதே மாதிரி ரெண்டு பட்டன் சேர்த்து ஜோடியா வாசிப்பாங்க. உங்க பாட்டைப் பாடி ரெக்கார்ட் பண்ணி, அதுக்கு மேல நீங்களே ரெண்டாவது குரல் பாடிப் பாருங்க. உங்க கூட வர்ற ஆளுக்கு என்ன தேவைன்னு அப்போதான் தெரியும்.

ஸ்பானிஷ் தெரியாதவங்க அர்த்தம் தெரியாம பாடாதீங்க, தயவு செஞ்சு. கூட்டத்துல பாதிப் பேரு அந்த வரிகளை அம்மா மடியில கேட்டு வளர்ந்தவங்க, ஒரு சொல்லு தப்பான இடத்துல உடைஞ்சா அவங்க முகத்துல தெரிஞ்சுடும். வரிக்கு வரி அர்த்தம் எழுதுங்க, பேசற வேகத்துல நூறு தடவை சொல்லுங்க. இந்தப் பாட்டுல வலி இருக்கு, நம்ம ஊரு ஒப்பாரி கேட்டவங்களுக்கு அந்த வலி புதுசில்ல, ஆனா அதை அவங்க மொழியில அவங்க உச்சரிப்புல கொண்டு வரணும்.

தாளம் ஒண்ணுலயே நின்னுடக் கூடாது. போல்கா ரெண்டு எண்ணிக்கை, வால்ட்ஸும் ரெதோவாவும் மூணு, அப்புறம் சோத்தீஸ், ஹுவாபாங்கோ, பொலேரோ, கும்பியா. கத்துக்க வால்ட்ஸ்ல ஆரம்பிங்க, மெதுவா இருக்கும், பெல்லோஸுக்கு நேரம் கிடைக்கும். போல்காவை ரயில் மாதிரி ஓட்டாதீங்க. டோனி தே லா ரோசான்னு ஒரு கொன்ஹுந்தோ அக்கார்டியன்காரர் 1950கள்ல போல்காவோட வேகத்தைக் குறைச்சுத்தான் நடன மேடையையே மாத்தினாரு, ஆடறவங்க தரையில வழுக்கி வழுக்கி நகர்ற வேகம் அது. தாளம் தட்டற மெட்ரோனோம் கருவியை விட, ஆடற ஒரு வயசான ஜோடியோட காலைப் பார்த்து வாசிக்கறது நல்ல பயிற்சி.

பேண்டை யாரு நடத்தறது

இதுதான் பொண்ணுங்களுக்கு நிஜமான மலை. இந்த இசையில பொம்பளைக் குரலுக்கு எப்பவும் இடம் இருந்துச்சு: லிடியா மென்டோசா 1934லயே தனியா 12 கம்பி கிடாரோட பாடி ரெக்கார்ட் போட்டு அந்த எல்லைப்பக்கம் முழுக்கப் பேர் வாங்கினாங்க, கார்மென்-லாரா ஜோடி 1940கள்ல டெக்சாஸோட அலிஸ் ஊர்ல ஐடியல் ரெக்கார்டு கம்பெனிக்குப் பாடினாங்க. ஆனா கொன்ஹுந்தோல அக்கார்டியன் வாசிக்கிறவங்கதான் தலைவர், அந்த நாற்காலியை ஆம்பளைங்களுக்குன்னே வெச்சிருந்தாங்க. ஏவா இபார்ராவுக்குப் பேர் வந்ததுக்கு அப்புறமும், ஒரு பொம்பளை தலைமையில வாசிக்க ஆள் கிடைக்கறதே பெரும்பாடாத்தான் இருந்துச்சு. அவங்க விடல. சொந்தமா பாட்டு எழுதினாங்க, மத்தவங்க தொடாத கஷ்டமான கார்டெல்லாம் போட்டாங்க. 1994லயும் 1996லயும் ரவுண்டர் ரெக்கார்டு கம்பெனி அவங்க ஆல்பத்தை நாடு முழுக்கக் கொண்டு போச்சு, 1997ல வாஷிங்டன் யூனிவர்சிட்டி சொல்லிக் குடுக்கக் கூப்பிட்டாங்க, 2017ல அமெரிக்க அரசாங்கம் நாட்டுப்புறக் கலைக்குத் தர்ற பெரிய விருதான நேஷனல் ஹெரிடேஜ் ஃபெலோஷிப் வந்துச்சு. கணக்குப் போட்டுப் பாருங்க, பெட்டியைத் தொட்டதுல இருந்து அந்த விருது வரைக்கும் அறுபது வருஷத்துக்கு மேல. எனக்கு இதை நெனச்சா கோவமும் வருது, கண்ணுல தண்ணியும் வருது.

ஹியூஸ்டன்ல வென்டூரா அலோன்சோன்னு இன்னொரு அம்மா, 1904ல பிறந்தவங்க, பியானோ அக்கார்டியன் வாசிச்சுப் பாடினவங்க. அவங்களும் அவங்க வீட்டுக்காரரும் பேண்ட் நடத்தினாங்க, அப்புறம் 1956ல லா டெராசான்னு சொந்தமா ஒரு டான்ஸ் ஹாலே திறந்துட்டாங்க. சான்ஸ் குடுன்னு யார்கிட்டயும் நிக்க வேண்டாம், ஹாலே நம்மோடது. எல்லாருக்கும் ஹால் கட்ட முடியாதுதான், ஆனா உங்க பேண்டோட பேரு, புக்கிங் ஃபோன் நம்பர், சம்பளக் கணக்கு, பாட்டோட காப்பிரைட், இந்த நாலும் உங்க பேர்ல இருக்கட்டும். இதை முதல் ஒத்திகைக்கு முன்னாடியே பேசிடுங்க. கூச்சமா இருக்கும், இருந்தாலும் பேசுங்க. ஆரம்பத்துல நல்ல பாஹோ ஆளு ஒருத்தரைப் பிடிச்சாலே போதும், ரெண்டு பேரோட தொடங்கலாம், மார்டினெஸும் அல்மெய்டாவும் ரெண்டே பேர்தான்.

எங்க போய் கத்துக்கறது, எங்க வாசிக்கறதுன்னா: சான் அன்டோனியோல குவாதலூப்பே கல்ச்சுரல் ஆர்ட்ஸ் சென்டர் இருக்கு, வலேரியோ லோங்கோரியா மாதிரி அக்கார்டியன் ஜாம்பவான் பல வருஷம் பசங்களுக்கு உட்கார்ந்து சொல்லிக் குடுத்த இடம். 1982ல இருந்து தெஹானோ கொன்ஹுந்தோ ஃபெஸ்டிவல் நடத்தறவங்களும் அவங்கதான், வழக்கமா மே மாசம் வரும். முதல் வருஷம் சும்மா கேக்கப் போங்க, மேடைக்குப் பக்கவாட்டுல நின்னு கையைப் பாருங்க. அதே ஊர்ல கொன்ஹுந்தோ ஹெரிடேஜ் தாயெர்னு அக்கார்டியனும் பாஹோ செக்ஸ்தோவும் சொல்லித் தர்ற இடம் ஒண்ணு இருக்கு. சின்ன வயசுக்காரங்கன்னா டெக்சாஸ் ஃபோக்லைஃப் நடத்தற பிக் ஸ்க்வீஸ் போட்டி, இளசுகளுக்குன்னே அக்கார்டியனுக்காக நடக்கறது. பழைய ரெக்கார்டு கேக்கணும்னா யுசிஎல்ஏ யூனிவர்சிட்டியோட ஃப்ரொன்டேரா கலெக்‌ஷன் இணையத்துல இருக்கு, நான் அதுல போய் தொலைஞ்சு போன ராத்திரிங்க நிறைய.

முதல் மேடை அரை மணி நேரம்னு வெச்சுக்குவோம், பாடி வாசிக்க ஏழு எட்டு பாட்டு. ரெண்டு மூணு ரான்சேரா போல்கா, ஒரு வால்ட்ஸ், ஒரு பொலேரோ, ஒரு கும்பியா, முடிஞ்சா சொந்தப் பாட்டு ஒண்ணு, அப்புறம் பாட்டே இல்லாம அக்கார்டியன் மட்டும் ஒரு போல்கா. எங்க வெக்கறதுன்னு கேட்டா, அந்தக் கடைசியாச் சொன்ன போல்காவை முதல்ல வைங்க. பொண்ணு மைக் முன்னாடி வந்து நின்னாலே கூட்டம் பாடகின்னு முடிவு பண்ணிடும், பின்னாடி யாரோ அக்கார்டியன் வாசிக்கிறாங்கன்னு தேடும். நீங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி மூணு நிமிஷம் உங்க விரலை மட்டும் பார்க்கட்டும். அப்புறம் பாடுங்க.